நிறம் என்ற கட்டத்தில்

காக்கி புக்கிட், மூன்றாம் தளம்.
லாரியே ஏறி வரும் சாய்பாதையில்
இழுவை வண்டியின் முதுகில் வந்தது அந்தக் கார்.
அறுபதுகளில் யாரோ சுத்தியலால் தட்டி எடுத்த உடல்.
ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான்
சாலையில் ஓட அனுமதி.
மிச்ச நாளெல்லாம் பாசிர் ரிஸ் அடுக்குக் கார்நிறுத்தத்தில்
கடற்காற்றைத் தின்றுகொண்டு நிற்கும்.

தேவசேனாவுக்குக் கப்பல்களைப் பரிசோதிக்கும் வேலை.
துவாஸில் பகலெல்லாம்
அடிவயிற்றுப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்து
எத்தனை மைக்ரான் என்று எழுதுகிறவர்.
"எல்லாத்தையும் உரிச்சிடுங்க" என்றார்.

உரித்தோம்.
சிவப்புக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே மோர் நிறம்.
அதற்கும் கீழே, இடது முன்சக்கரத்துக்கு மேல்,
விரற்கடை கனத்துக்குப் புட்டி.
எனக்கு முன்னால் எவனோ
அடிபட்ட இடத்தை நிமிர்த்தாமல்
அப்பிவிட்டுப் போயிருக்கிறான்.
அவனைத் திட்டினேன்.
பிறகு, நான் அப்பிய கதவுகளை
மனசுக்குள் எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டேன்.

புட்டியைப் பெயர்த்து, கிழிந்ததை வெட்டி,
புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன்.
அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது;
இந்த நொடி திடம், அடுத்த நொடி ஓட்டை.
மணல்பையில் தட்டி, உருளையில் ஓட்டி,
கண்ணை மூடி உள்ளங்கையால் தடவி
மேடு எது பள்ளம் எது என்று கேட்டுக் கேட்டு
பதினோரு நாள்.

ரொஸ்லான் வண்ணச் சீட்டுகளை விரித்தான்.
"பெயிண்ட் வேண்டாம்" என்றார்.

நான் காரணங்களை அடுக்கினேன்.
மத்தியான வெயிலில் பின்னால் வருகிறவன் கண் கூசும்.
தொட்டவர் விரலெல்லாம் பதியும்.
மழைத்துளி காய்ந்தால் பொட்டுப் பொட்டாய் நிற்கும்.
அதிலும் உங்கள் வீடு கடலோரம்.

"காத்து பட்ட நொடியிலேயே
அது தனக்கொரு தோலைப் போத்திக்குது.
உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்.
தெரியாதது போல நின்றேன்.
விஷயம் வெயிலுமில்லை, கடலுமில்லை.
தகட்டில் இரண்டு சாண் நீளத்துக்கு
என் தையல் இருக்கிறது.
பெயிண்ட் எங்கள் தொழிலில் மன்னிப்பு மாதிரி.
மூன்று கோட் அடித்தால்
முந்தாநாள் கைநடுக்கம் யாருக்கும் தெரியாது.
பூசி மெழுகுவது என்று
சும்மாவா சொன்னார்கள்.

"அந்தத் தையல்..." என்றேன் கடைசியில்.
"பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.
இரும்புச் சட்டத்தை அலுமினியம் தொடும் இடத்தில்
ஈரம் புகுந்தால் வெள்ளைப் பொடி பூக்கும்;
ஒன்றுக்காக மற்றொன்று கரையும்.
கதவுக்குள்ளே, சக்கர வளைவின் மறுபக்கம்,
திருகாணிக்குத் திருகாணி பூச்சு வேண்டும்.
கப்பல்காரர் அல்லவா, உடனே தலையாட்டினார்.
அப்படித்தான் ரொஸ்லான்
யாரும் பார்க்காத இடமெல்லாம்
இளம்பச்சை அடித்தான்,
நோன்புப் பெருநாளுக்கு வீடடிப்பது போல.

பதிவுப் படிவத்தில் நிறம் என்றொரு கட்டம்.
காலியாக விட்டால் கணினி ஏற்காது.
"வெள்ளி" என்று தட்டிவிட்டு முகம் சுளித்தார்.
பெயிண்டுக்குப் பேசிய நாலாயிரம் வெள்ளி போய்
இந்த ஒரு வெள்ளிதான் மிஞ்சியது எங்களுக்கு.
கதவில் அப்போது
ரொஸ்லானின் ஆரஞ்சுச் சட்டையும்
எதிர்க்கடை நீல டிரம்மும்
கொஞ்சம் வானமும் இருந்தன.

ஐந்து மாதம் கழித்து
பிரேக் பார்க்க வந்தது.
மங்கி, நீர்த்த சாம்பல் நிறத்தில்.
தையல் மட்டும் ஒரு படி கறுத்திருந்தது:
பற்றவைத்த கம்பி வேறு கலவை,
அது வேறு மாதிரி முதிர்கிறது.
"மெருகேத்தித் தரட்டுமா?"
"எதுக்கு?"

அவர் அதைத் தொடவில்லை.
நான்தான் தொட்டேன்.
மேடுமில்லை, பள்ளமுமில்லை.

ரொஸ்லான் இரண்டு தரம் சுற்றி வந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்
ஒரு டெலிவரி வேனுக்கு
வெள்ளை அடிக்கத் தொடங்கினான்.